கடைசியில் வருபவரின் கணக்கு





கொல்லிமலையின் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் பாதியை எங்கள் வேன் கடந்திருந்தபோது, பின் இருக்கையில் கிடந்த ஒரு பைக்குள் கைப்பேசி ஒலித்தது. யாரும் எடுக்கவில்லை. ஓய்ந்தது, மீண்டும் ஒலித்தது. மூன்றாம் முறை ஒலித்தபோதுதான் ஒருவர் பையைத் திறந்து பார்த்தார். திரையில் ‘அம்மா’ என்றிருந்தது. அந்தக் கைப்பேசிக்கு உரிய பிள்ளை வேனில் இல்லை. முன்னால் சென்ற வேனிலும் இல்லை.

எங்கள் மஹல்லாவில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் ஓடும் குழு ஒன்று உண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் முப்பது வயதிலேயே வந்து அமர்ந்துகொள்வதைக் கண்ட சிலர் சேர்ந்து தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை 19 பேர், இரண்டு வேன்களில், கொல்லிமலையின் பைல் நாட்டுக்குப் போயிருந்தோம். அம்மலையின் ஊராட்சிகள் இன்றும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பைல் நாடு என்று ‘நாடு’ என்னும் பழம்பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், குளிர்ந்த காற்று. ஓடுவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கள் பகுதியில் இல்லை.

குழுவை நிர்வகிப்பதற்கான மென்பொருளைத் தேர்ந்தெடுத்து எல்லோருடைய கைப்பேசியிலும் நிறுவச் செய்தவன் நான். யார் வருகிறார், யார் ஓடத் தொடங்கினார், யார் முடித்தார், யார் எத்தனையாவதாக வந்தார் என்பதையெல்லாம் அது காட்டும். புறப்படும் முன் திரையைப் பார்த்தேன். 19 பெயர்களுக்கு நேரேயும் ‘முடித்தார்’ என்ற பச்சைக் குறி இருந்தது. “கிளம்பலாம் பாய்” என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

நடந்தது இதுதான். 16 வயதுடைய அந்தப் பிள்ளை, ஓடும்போது கையில் கனக்கிறதென்று தன் கைப்பேசியை நண்பனிடம் கொடுத்திருந்தான். நண்பன் ஓடி முடித்தான்; அவனோடு சேர்ந்து அந்தக் கைப்பேசியும் ஓடி முடித்தது. பிள்ளையோ வழியில் கணுக்கால் பிசகி ஒரு திருப்பத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் வேனில் இருந்தவர்கள் அவன் இரண்டாவதில் வருவான் என்று எண்ணினார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் அவன் முதலாவதில் போய்விட்டான் என்று எண்ணினார்கள். நானோ திரையை நம்பினேன். சாலையோர வீட்டிலிருந்த ஒரு மலைவாழ் பெருமாட்டி அவனைக் கண்டு, கஞ்சி கொடுத்து, காலுக்குத் துணி சுற்றி, தம் மகனுடைய மோட்டார் சைக்கிளில் செம்மேட்டுக்கு அனுப்பிவைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து அங்கே அவனைக் கண்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று இரவு அவனுடைய அத்தா என் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “என் மகன் வரவில்லை என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது?”

‘அவன் அம்மா அழைத்தபோது’ என்பதே உண்மையான விடை. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. நம் ஊர்களில் ஓட்டக் குழுக்களும் நடைக் குழுக்களும் பெருகிவருகின்றன. அவற்றை நடத்த மென்பொருள்களும் பெருகிவருகின்றன. அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைப் பற்றி நம் குடும்பங்கள் பேசவேண்டிய நேரம் இது.

மென்பொருள் எதற்கு?

ஓட்டம் இன்று சிலருடைய பொழுதுபோக்காக மட்டும் இல்லை. சென்னை மாரத்தானை 2012 முதல் நடத்திவரும் சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பகுதிதோறும் கிளைகள் உள்ளன. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தானில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் கண்டது.

இத்தனை பேர் கூடும்போது நோட்டுப் புத்தகம் போதாது என்பது உண்மையே. மென்பொருள் நான்கு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, உறுப்பினர் பதிவேடு: பெயர், வயது, இரத்த வகை, அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண், சந்தா செலுத்திய விவரம். இரண்டாவது, நாட்காட்டி: எங்கே, எத்தனை மணிக்கு, யார் வருகிறார், யார் வரவில்லை. மூன்றாவது, நேரப் பதிவு: பெரிய போட்டிகளில் மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறம் மெல்லிய சிப் ஒன்று ஒட்டியிருக்கும், தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் விரித்துள்ள பாயை ஓட்டக்காரர் கடக்கும்போது ஆண்டெனா அதைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நான்காவது, ஜிபிஎஸ் வழித்தடமும் தரவரிசையும்: யார் எந்த வழியே ஓடினார், இந்த வாரம் யார் முதலிடம்.

எழுதி வைப்பதை நம் மார்க்கம் ஊக்குவித்தே வந்துள்ளது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதே. மறதியும் தகராறும் மனித இயல்பு என்பதால் அல்லாஹ் நமக்கு எழுத்தைக் கட்டளையிட்டான். ஆகவே கணக்கு வைப்பதிலும் அதற்குக் கருவியைப் பயன்படுத்துவதிலும் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. யாருக்காகக் கணக்கு வைக்கிறோம் என்பதே என் கேள்வி.

சிவிகையும் ஆளும்

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் நடந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். படை புறப்படவிருந்த வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைந்த கழுத்துமாலையைத் தேடிச் சென்றிருந்தார்கள். ஒட்டகத்தின் மீது சிவிகையைத் தூக்கி வைத்தவர்கள், அன்னையார் உள்ளே இருப்பதாகவே எண்ணினார்கள். திரை மூடியிருந்தது, அன்னையார் எடை குறைந்த இளம் வயதினர். படை போய்விட்டது. பின்னர், படைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் அன்னையாரைக் கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து வந்து சேர்ப்பித்தார்கள்.

அதன் பின் நயவஞ்சகர்கள் கிளப்பிய அவதூறும், அந்நூர் அத்தியாயத்தின் வாயிலாக அல்லாஹ் அளித்த தூய்மைச் சான்றும் பெரிய பாடங்கள். அவற்றை விளக்கும் தகுதி ஆலிம்களுக்கே உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சிறிய படிப்பினையை மட்டுமே. நல்லெண்ணம் கொண்ட மனிதர்களும் சிவிகையை ஆளாக எண்ணிவிடக் கூடும். எங்கள் வேனில் நடந்தது அதுவே. கைப்பேசி ஒரு சிவிகை. அது வந்து சேர்ந்துவிட்டது என்பதாலேயே ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று ஆகாது.

கருவி சரியாக வேலை செய்தாலும் அதன் எல்லை அங்கேயே முடிகிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டி ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். மலையின் உயரமான பகுதியில் திடீரென ஆலங்கட்டி மழையும் உறைகுளிரும் கடுங்காற்றும் தாக்கின. மெல்லிய ஓட்ட உடையில் இருந்தவர்களில் 21 பேர் இறந்தார்கள். ஓட்டக்காரர்களிடம் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் இருந்தன. உயிர் தப்பிய ஒருவர், அபாயப் பொத்தானை அழுத்திவிட்டு மயங்கி விழுந்ததாகப் பின்னர் கூறினார். அவரைத் தூக்கிச் சென்றவர் மீட்புப் படையினர் இல்லை; ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் இடையர். மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கியிருந்த அவர், தள்ளாடி வந்தவர்களை உள்ளே அழைத்து, தீ மூட்டி, ஆறு பேரைக் காப்பாற்றினார்.

அச்செய்தியை முதலில் படித்தபோது அது எனக்குத் தூர தேசத்துச் செய்தியாக இருந்தது. பைல் நாட்டுப் பெருமாட்டியின் கஞ்சிக்குப் பிறகு அது அப்படி இல்லை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். தத்தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மேய்ப்பவனுடைய முதல் வேலை எண்ணுவது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

முதலிடமும் கடைசி இடமும்

எங்கள் மென்பொருளின் முகப்பில் முதல் மூன்று பேருடைய பெயர்கள் பதக்கக் குறிகளோடு வரும். கடைசியில் வருபவரைப் பார்க்க விரலால் திரையை நெடுக இழுக்கவேண்டும். இது தற்செயலான அமைப்பு இல்லை. மனிதர்களை மீண்டும் மீண்டும் திரையின் பக்கம் வரவழைப்பது போட்டியும் பாராட்டும் என்பதை அறிந்தே இவை உருவாக்கப்படுகின்றன.

போட்டி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். ஸலமா இப்னு அல்-அக்வஃ (ரலி) அவர்கள் மதீனா திரும்பும் வழியில் அன்சாரி ஒருவரோடு ஓட்டப் பந்தயம் வைக்க நபியவர்களிடமே அனுமதி கேட்டார்கள், பெற்றார்கள், வென்றார்கள். முஸ்லிம் நூலில் அது பதிவாகியுள்ளது.

ஆனால் பயணக் கூட்டத்தில் நபி (ஸல்) அவர்கள் தமக்கென வைத்துக்கொண்ட இடம் எது? அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு அதைச் சொல்கிறது. நபியவர்கள் பின்தங்கி வருவார்கள். பலவீனமானவரை ஊக்கி நடத்துவார்கள். தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆ செய்வார்கள். அதே ஜாபிர் (ரலி) அவர்களுடைய ஒட்டகம் களைத்துப் பின்தங்கியபோது, அவரைக் கண்டு விசாரித்து, ஒட்டகத்தை நடக்கச் செய்ததும் நபியவர்களே. தலைவருடைய இடம் முன்வரிசை என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் பின்வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுலைமான் (அலை) அவர்களுடைய படையில் மனிதர்களும் ஜின்களும் பறவைகளும் அணிவகுத்தன. அத்தனை பெரிய கூட்டத்தைப் பார்வையிட்டபோது, ஹுத்ஹுத் என்ற ஒரு சிறு பறவை காணவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அந்நம்ல் அத்தியாயம் அதை நமக்குச் சொல்கிறது. 19 பேர் கொண்ட குழுவில் ஒருவர் இல்லாதது எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் தோன்றிய பார்க்ரன் என்ற இலவச ஓட்ட அமைப்பு இந்த இடத்தில் நமக்குப் பயன்படும் பாடம். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு அது தொடங்கியது. வரிசை எண் பொறித்த வாஷர்களை ஓடி முடித்தவர் கையில் கொடுத்து, காகிதத்தில் கணக்கெழுதினார்கள். இன்று அது சிங்கப்பூர், மலேசியா உட்படப் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டர் ஓட்டமாக நடைபெறுகிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஒரு பார்கோடு. முடிவுக் கோட்டில் தன்னார்வலர் அதை வருடி எடுத்தால் போதும். மென்பொருள் அதன் முதுகெலும்பு. ஆயினும் ஒவ்வொரு வாரமும் ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருகிறார். அவர் வந்து சேர்ந்தால் பாதையில் வேறு யாரும் இல்லை என்று பொருள். அவர் எப்போதும் கடைசியில் வருவதால், வேறு எவரும் கடைசியாக வந்தோமே என்று வெட்கப்படவேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் அந்த அமைப்பு தன் தளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை நீக்கியது. புதியவர்களை அவை தயங்க வைக்கின்றன என்பது அதன் காரணம். வேக ஓட்டக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்களுடைய வருத்தமும் புரிந்துகொள்ளத் தக்கதே. இருப்பினும் ஒரு கருவியில் எதைக் காட்டுவது, எதை நீக்குவது என்பது நடத்துபவரின் முடிவு என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. மென்பொருள் தந்த முகப்பையே நாம் விதியாக ஏற்கவேண்டியதில்லை.

நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு ஓடுகிறோம் என்று நேரத்தோடும் வரைபடத்தோடும் படம் பகிர்கிறோம். பாராட்டுக் குறிகள் வந்து விழுகின்றன. நாளடைவில், பதிவு செய்யாத ஓட்டம் ஓட்டமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முகஸ்துதியை நபி (ஸல்) அவர்கள் சிறிய இணைவைப்பு என்று எச்சரித்தார்கள். ஓடுவது உலகக் காரியம்தானே என்று சொல்லலாம். அல்லாஹ் தந்த உடலைப் பேணுவதற்காக ஓடுகிறோம் என்று நிய்யத் வைத்தவர்கள், அந்த நிய்யத்தை மாலைக்குள் பாராட்டுக் குறிகளுக்கு விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பதிவேடு ஓர் அமானிதம்

ஆளை எண்ணுவது கடமை என்றேன். அதற்காக எல்லோரையும் எந்நேரமும் பின்தொடரும் கருவி நல்லது என்று ஆகிவிடாது. அது எதிர்ப்பக்கத்துப் பிழை.

2018 ஜனவரியில் நடந்ததை நினைவுகூருங்கள். ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, தன் பயனர்கள் ஓடிய வழிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் உலக வரைபடத்தை முந்தைய நவம்பரில் வெளியிட்டிருந்தது. பெயர்கள் ஏதும் அதில் இல்லை. ஆயினும் ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த இராணுவ முகாம்களின் வடிவம் அதில் ஒளிக் கோடுகளாகத் தெரிந்ததை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். வீரர்கள் காலையில் ஓடிய ஓட்டமே முகாமைக் காட்டிக்கொடுத்தது. படை முகாமுக்கே இந்நிலை என்றால், ஒவ்வொரு நாளும் ஒரே வாசலிலிருந்து ஓடத் தொடங்கும் நம் வீட்டுப் பெண்ணின் வரைபடம் எதைக் காட்டும்? வீட்டை, புறப்படும் நேரத்தை, தனியாகச் செல்லும் தெருவை.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2020 நவம்பரில் வந்தது. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் முஸ்லிம் புரோ செயலியின் பயனர்களுடைய இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. செய்தி வந்ததும் அச்செயலி அந்நிறுவனத்தோடு இருந்த தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டிடங்கள் போன்ற நுண்ணிய இடங்களின் தரவை விற்பதற்கு அந்தத் தரவு நிறுவனத்துக்குத் தடை விதித்தது. கிப்லாவைத் தேடிய விரல், தான் இருக்கும் இடத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழையவேண்டும் என்று அந்நூர் அத்தியாயமும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயமும் நமக்குக் கற்பிக்கின்றன. ஒருவருடைய இரத்த வகை, நோய் விவரம், வீட்டு முகவரி, மனைவியின் கைப்பேசி எண் ஆகியவை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். குழுவின் பட்டியலை யாரோ கேட்டார் என்று உடற்பயிற்சி நிலையத்துக்கோ காப்பீட்டு முகவருக்கோ தேர்தல் வேலை செய்பவருக்கோ அனுப்பிவிடுவது மோசடி என்பதை நாம் உணர்வதில்லை. நாட்டின் சட்டமும் இப்போது இதைப் பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத் தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் தடுக்கிறது. அந்த 16 வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது நான் அவனுடைய அத்தாவிடம் எதையும் கேட்கவில்லை. அவன் கைப்பேசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அவனே அழுத்தினான்.

சகோதரிகளுக்கும் ஓர் இடம்

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் படையை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதன்முறை அன்னையார் வென்றார்கள். காலம் கழித்து நடந்த மறு பந்தயத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று அன்போடு சொன்னார்கள். அந்தப் பந்தயம் நடந்த விதத்தைக் கவனியுங்கள். ஓட்டமும் இருந்தது, மறைவும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்று கைவிடப்படவில்லை.

நம் குழுக்களில் பெண்கள் சேராததற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுகிறோம். என்னிடம் பேசிய சகோதரிகள் சொன்ன காரணம் வேறு. ஆண்கள் நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தங்கள் எண் தெரியவேண்டாம்; தாங்கள் நடந்த வழியும் நேரமும் பட்டியலில் வரவேண்டாம்; தங்கள் வயதும் எடையும் யாரோ ஒருவர் திரையில் இருக்கவேண்டாம். இவை மூன்றும் மென்பொருளின் அமைப்பில் சரிசெய்யக் கூடியவை. பெண்களின் பதிவேட்டைப் பெண் பொறுப்பாளர் ஒருவரே பார்க்கும்படி பிரித்து வைக்கலாம். வழித்தடத்தையும் தரவரிசையையும் முற்றிலும் அணைத்துவிடலாம். அதைச் செய்யாமல், அவர்கள் வரவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது.

இப்போது என்ன செய்கிறோம்?

சிலர் என்னிடம், இனிச் செயலியே வேண்டாம், காகிதம் போதும் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மென்பொருளை விட்டுவிட்டு நினைவை நம்பினாலும் அதே பிழை வரும். இரண்டு வேன்களில் இருந்தவர்களும் தம் நினைவைத்தானே நம்பினார்கள்? வேறு சிலர், எல்லோருக்கும் மணிக்கட்டுக் கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள். மணிக்கட்டுக் கருவியையும் கழற்றி நண்பனிடம் கொடுக்கலாம். மலையில் சமிக்ஞையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளியது. மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுங்கள் என்ற நபிமொழிப்படி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர். ஒவ்வொரு வேனுக்கும் ஒருவர். எல்லோருக்கும் பின்னால் வர ஒருவர், முறை வைத்து. வேகமாக ஓடுபவருக்கும் அம்முறை உண்டு. ‘முடித்தார்’ என்ற குறியை இனிக் கருவி போடுவதில்லை. முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, அவர் பதில் சொன்ன பிறகு பொறுப்பாளர் தம் கையால் போடுகிறார். கடைசி ஆளுக்குக் குறி விழாமல் வேன் நகராது. கைப்பேசித் திரையில் இருக்கும் அதே பட்டியல் ஒரு தாளிலும் இருக்கும்.

முகப்பிலிருந்து தரவரிசையை நீக்கிவிட்டோம். வேகம் வேண்டுபவர் தம் கணக்கில் தாமே பார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் பெயர், வயது, இரத்த வகை, அவசர எண், மருத்துவர் அறியவேண்டிய நோய் ஆகிய ஐந்து மட்டும். விலகியவரின் விவரத்தை அன்றே அழிக்கிறோம். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொல்லவேண்டும். ஓட்டம் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு செய்தி போகும்: “உங்கள் பிள்ளை எங்களோடு இருக்கிறார்.” அதைப் பொறுப்பாளர், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்பவேண்டும் என்பது விதி.

உங்கள் ஊரில் இத்தகைய குழுவில் உங்கள் பிள்ளை சேர்வதாக இருந்தால், அதை நடத்துபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். “கடைசியில் வருபவர் வந்துவிட்டார் என்பதை யார் பார்க்கிறார்?” “என் பிள்ளையைப் பற்றி எழுதி வைத்ததை வேறு யார் பார்க்கிறார்?” முதலாவதற்கு ஒரு மனிதரின் பெயரும், இரண்டாவதற்கு ஒரு சிறிய பட்டியலும் விடையாகக் கிடைத்தால், எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் கவலைப்படவேண்டாம். விடையாகச் செயலியின் பெயர் மட்டும் கிடைத்தால் சற்று யோசியுங்கள்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் பைல் நாட்டுக்குப் போனோம். அந்தப் பிள்ளையும் வந்தான். அவனுடைய அத்தாவும் வந்தார். பெருமாட்டியின் வீட்டுக்கு அரிசியும் பேரீச்சம்பழமும் கொண்டுபோனோம். தாம் செய்ததைப் பெரிதாக அவர் நினைக்கவில்லை. “ரோட்டுல ஒரு புள்ள உக்காந்திருந்தா பாக்கமாட்டமா?” என்றார். அவரிடம் பட்டியல் இல்லை, திரை இல்லை. கண் இருந்தது. அன்றைய ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் வரும் முறை எனக்கு. எனக்குச் சற்று முன்னால், இன்னும் முழுதும் ஆறாத காலை ஊன்றி, அந்தப் பிள்ளை நடந்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போகவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவர்களை எண்ணி அறியவும், அவர்களுடைய அமானிதங்களைக் காக்கவும், பின்தங்கியவரோடு நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.